அரைமண்டில நல்லா விரியுது, பாலே ஃபர்ஸ்ட் பொசிஷன்ல நின்னா காணாம போயிடுது. ஏன்?

மாந்தோப்பு_சலங்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு கிருஷ்ணகிரி, வயசு 19, காலேஜ் ரெண்டாவது வருஷம். ஏழு வயசுலேர்ந்து பரதம் ஆடுறேன், சலங்கை பூஜை ஆயிடுச்சு, அரங்கேற்றம் இன்னும் ஆகல (செலவு எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு அப்பா ரெண்டு நாள் எங்கிட்ட பேசவே இல்ல, அது தனிக்கதை). எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறி பெங்களூர் போய் ஒரு பாலே கிளாஸ்ல பெரியவங்க பேட்ச்ல சேந்து கத்துக்குறேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா அரைமண்டில, அதாவது பரதத்துல முட்டியை மடக்கி பாதி உக்கார்ற நிலையில, உக்காந்தா எனக்கு முட்டி ரெண்டும் அழகா பக்கவாட்டுல போயிடும், டீச்சரே மத்த பிள்ளைங்களுக்கு என்னைத்தான் காட்டுவாங்க. ஆனா பாலேல ஃபர்ஸ்ட் பொசிஷன்ல குதிகால் ரெண்டையும் ஒட்டி, பாதத்தை வெளிய திருப்பி, முட்டியை நீட்டி நிக்கணும்ல, அங்க வந்தா பாதம் மட்டும்தான் வெளிய திரும்புது, முட்டி ரெண்டும் முன்னாடியே பாக்குது. அங்க சொல்லிக் குடுக்குறவங்க "டர்ன்அவுட் (காலை வெளிப்பக்கம் திருப்புறது) இடுப்புலேர்ந்து வரணும், பாதத்துலேர்ந்து இல்ல"ன்னு ஒவ்வொரு வாரமும் சொல்றாங்க, சரிங்க மேடம்னு தலையாட்டிட்டு வரேன், ஆனா இடுப்புலேர்ந்து எப்படி வரவைக்கிறதுன்னு சத்தியமா புரியல. ஒரே இடுப்பு, ஒரே கால், அங்க வருது இங்க வரல.

அதனால நானா ஒரு வழி கண்டுபிடிச்சேன், முதல்ல கொஞ்சம் முட்டியை மடக்கி பாதத்தை நல்லா விரிச்சு வெச்சுட்டு அப்புறம் மெதுவா நிமிந்தா ரெண்டு பாதத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 160 டிகிரி வந்துடுது. பாக்க நல்லாதான் இருக்கு. ஆனா பஸ்ல திரும்பி வரும்போது முட்டியோட உள்பக்கம் வலி, வலது கால்ல அதிகம். இதுல வீடியோ பாத்துட்டு தினமும் தவளை மாதிரி குப்புறப் படுத்துக்கிட்டு தம்பியை விட்டு இடுப்பு மேல காலை வெச்சு அமுக்கச் சொல்றேன், இருபது நிமிஷம். போன வியாழக்கிழமை தொடை இடுக்குல டக்குனு ஒரு சத்தம், அவன் பயந்துட்டு ரூமை விட்டே ஓடிட்டான்.

சின்ன வயசுல நான் முட்டி ரெண்டையும் உள்ள வெச்சு காலை ரெண்டு பக்கமும் பின்னாடி விரிச்சுதான் உக்காருவேன், "அப்படி உக்காந்தா குடும்பம் விளங்காது"ன்னு பாட்டி திட்டும். அதனால வந்ததா இது? இன்னும் மூணு மாசத்துல கிளாஸ்ல ஒரு சின்ன நிகழ்ச்சி இருக்கு, அதுக்குள்ள 180 வருமா? எங்க ஊர்ல பாலே தெரிஞ்ச பிசியோ யாரும் எனக்குத் தெரியல, அதான் இங்க கேக்குறேன்.

ராகிக்களி_ரசிகன் எழுதியது:

இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டுரை, தினமும் பட்டாம்பூச்சி ஆசனம் போடுங்க சிஸ்டர், பாதம் ரெண்டையும் சேத்து வெச்சு முட்டியை மேல கீழ ஆட்டுவாங்கல்ல அதான். ஒரே மாசத்துல இடுப்பு லூசாயிடும். நான் ஜிம்ல அதுதான் பண்றேன், இப்ப முட்டி ரெண்டும் தரையில ஒட்டுது.

ஓசூர்_பிசியோ எழுதியது:

முதல்ல தம்பியை அந்த வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆகச் சொல்லுங்க, இன்னைக்கே. மத்ததெல்லாம் அப்புறம்.

நான் ஓசூர்ல பிசியோவா இருக்கேன், பெரும்பாலும் வர்றது கம்பெனி ஆளுங்க முதுகுவலிதான், ஆனா நடுவுல பெங்களூர்ல டான்ஸ் ஆடுறவங்களைக் கொஞ்ச வருஷம் பாத்திருக்கேன். உங்க கேள்வி நல்ல கேள்விமா, "அங்க வருது இங்க வரல"ன்னு நீங்க எழுதின அந்த வரியிலதான் பதிலே இருக்கு.

இடுப்பு மூட்டுன்னா ஒரு குழிக்குள்ள ஒரு உருண்டை. தொடை எலும்போட தலை உருண்டையா இருக்கும், அது இடுப்பெலும்புல இருக்குற குழியில உக்காந்திருக்கும். இதைச் சுத்தி கெட்டியான நார்கள் இருக்கு, அதுல முன்பக்கம் தலைகீழா போட்ட ஒய் மாதிரி ஒரு நார், இலியோஃபெமரல்னு பேரு, நம்ம உடம்புலேயே பலமான நார் அதுதான். நேரா நிமிந்து நின்னா அது இறுகிக்கும், தொடை வெளிய திரும்புறதை பிடிச்சு நிறுத்தும். இடுப்பைக் கொஞ்சம் மடக்கினா, அதாவது அரைமண்டில உக்காந்தா, அது தளர்ந்துடும், தொடை தாராளமா திரும்பும். அதான் அரைமண்டில வர்றது நிமிந்தா காணாம போகுது. நீங்க ஏமாத்தல, உங்க உடம்பும் உங்களை ஏமாத்தல.

ரெண்டாவது விஷயம் முட்டி. முட்டி மடங்கி இருக்கும்போது முட்டிக்குக் கீழ இருக்குற கால் கொஞ்சம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பும். நாற்காலியில உக்காந்து குதிகாலை தரையில வெச்சுக்கிட்டு தொடை அசையாம பாதத்தை மட்டும் திருப்பிப் பாருங்க, திரும்பும். முட்டியை நீட்டினதும் அது பூட்டிக்கும். இப்ப நீங்க கண்டுபிடிச்ச வழியைப் பாருங்க, மடக்கி வெச்சு பாதத்தை விரிச்சு தரையில பாதத்தை அழுத்திக்கிட்டு நிமிர்றீங்க. பாதம் அங்க மாட்டிக்கிச்சு, தொடை முன்னாடி வருது, நடுவுல முட்டி ஈரத்துணி பிழியுற மாதிரி முறுக்கப்படுது. உள்பக்க நாரும் உள்பக்க ஜவ்வும்தான் அதைத் தாங்கணும். பஸ்ல வர்ற வலி அதுதான்.

பட்டாம்பூச்சி சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை, கோவிச்சுக்காதீங்க. அந்த ஆசனத்துல இடுப்பு மடங்கிதான இருக்கு, முன்பக்க நார் தளர்ந்து கிடக்கும். தொடையோட உள்பக்கத் தசை நீளும், நல்லதுதான், ஆனா நிமிந்து நிக்கும்போது இவங்களுக்கு வேணுங்கிறது அதுல வராது. முட்டி தரையில ஒட்டுற எத்தனையோ பேர் ஃபர்ஸ்ட் பொசிஷன்ல 90 டிகிரிக்கு மேல நிக்க முடியாம இருப்பாங்க.

பாட்டி விஷயம். பிறக்கும்போது எல்லாருக்கும் தொடை எலும்போட கழுத்து முன்பக்கமா சுமார் 40 டிகிரி முறுகி இருக்கும், வளர வளர குறைஞ்சு பெரியவங்க ஆகும்போது சுமார் 15க்கு வந்து நிக்கும். சிலருக்கு அவ்வளவு குறையாது. அப்படிப்பட்டவங்களுக்கு கால் உள்பக்கம் சுலபமா திரும்பும், வெளிப்பக்கம் கம்மியா திரும்பும், சின்ன வயசுல நீங்க உக்காந்த மாதிரி உக்கார்றது அவங்களுக்குத்தான் சுகமா இருக்கும். அதாவது அப்படி உக்காந்ததால எலும்பு இப்படி ஆகல, பெரும்பாலும் எலும்பு இப்படி இருந்ததால அப்படி உக்காந்தீங்க. பாட்டிகிட்ட சொல்லிடுங்க. குடும்பம் விளங்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

இப்ப வீட்டுல ஒண்ணு பாருங்க. பாய்ல குப்புறப் படுங்க, முட்டி ரெண்டும் சேத்து, வலது முட்டியை மட்டும் 90க்கு மடக்குங்க, பாதம் கூரையைப் பாக்கும். இடுப்பு தரையை விட்டு எழும்பாம அந்தக் கீழ்க்காலை இடது பக்கமா, அதாவது இன்னொரு காலைத் தாண்டி சாயவிடுங்க. பாக்க உள்ள போற மாதிரி இருக்கும், ஆனா தொடை வெளிய திரும்புறது அப்பத்தான். எவ்வளவு சாயுதுன்னு போன்ல கோணம் காட்டுற ஆப் இருந்தா கணுக்கால் மேல வெச்சுப் பாருங்க. அப்புறம் அதே காலை எதிர்ப்பக்கம் சாயவிட்டு அளந்துக்கோங்க. ரெண்டு காலுக்கும் பாத்து எழுதுங்க. இடுப்பு எழும்பிடுச்சுன்னா அந்தக் கணக்கு செல்லாது, தம்பிக்கு வேலை வேணும்னா இடுப்பு எழும்புதான்னு பாத்து சொல்லச் சொல்லுங்க. அமுக்க வேண்டாம், பாத்தா போதும்.

டக்குனு சத்தம் வந்ததே, அப்புறம் அந்த இடத்துல வலி இருக்கா? காலை மடக்கித் தூக்கும்போது தொடை இடுக்குல குத்துற மாதிரி இருக்கா, மாட்டிக்கிற மாதிரி இருக்கா? அதையும் எழுதுங்க.

தர்மபுரி_தட்டுக்கழி எழுதியது:

பிசியோ சார் சொன்னது எனக்கே இருபத்தாறு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இவ்வளவு தெளிவா புரியுது. நான் தர்மபுரியில பரதம் சொல்லிக் குடுக்குறேன்.

கண்ணு, உன் டீச்சர் உன்னைத்தான் மத்தவங்களுக்குக் காட்டுறாங்கன்னு எழுதினியே, அங்கதான் எனக்கு சந்தேகம். அரைமண்டில முட்டி பக்கவாட்டுல போறது மட்டும் பாத்தா போதாது. பக்கத்துல கண்ணாடி வெச்சு பக்கவாட்டுத் தோற்றத்தைப் பாரு. பின்பக்கம் வெளிய தள்ளி முதுகு வளைஞ்சிருக்கா? அப்படி இருந்தா அது விரிஞ்ச மாதிரி தெரியுமே ஒழிய விரிஞ்சது இல்ல, இடுப்பை முன்னாடி சாய்ச்சு முன்பக்கத்தைத் தளர்த்தி எடுத்த கடன். என் பிள்ளைங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க, மேடையில ஜடைக்கும் பின்விசிறிக்கும் நடுவுல யாருக்கும் தெரியாது. அப்புறம் பாதத்தோட உள்பக்க வளைவு சாஞ்சு தரையில படுதான்னு பாரு, அதுவும் கடன்தான்.

நான் பழைய காலத்து ஆளு, எனக்கு சொல்லிக் குடுத்தவங்க தொடை மேல தாளம் தட்டுற தட்டுக்கழியை வெச்சு "இது உருண்டா அடி"ன்னு சொல்லுவாங்க. நானும் ஆரம்பத்துல பிள்ளைங்க முட்டியைக் கையால பின்னாடி தள்ளி விட்டிருக்கேன். ஒரு பொண்ணு முட்டி வலின்னு நாலு மாசம் வரல, அதுலேர்ந்து விட்டுட்டேன். இப்ப நான் முட்டியைத் தொடுறதே இல்ல, தொடையோட மேல் பாகத்துல விரலை வெச்சு "இங்கேர்ந்து திருப்பு"ன்னு மட்டும் சொல்றேன். இன்னொண்ணு, வீட்டு டைல்ஸ்ல தட்டடவு (பாதத்தைத் தரையில தட்டி ஆடுறது) தட்டாதே, சிமெண்டு மேல நேரா போட்ட டைல்ஸ் ஒரு அதிர்வும் வாங்காது, எல்லாம் முட்டிக்குத்தான் போகும். மண்தரை இருந்தா நல்லது, இல்லேன்னா மரப்பலகை.

அப்புறம் ஒண்ணு சொல்லணும்னு தோணுது. ருக்மிணி தேவி ரஷ்ய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவைப் பாத்து ஆசைப்பட்டு முதல்ல கத்துக்கிட்டது பாலேதான், பாவ்லோவா குழுவுல ஆடின கிளியோ நோர்டிகிட்ட. உங்க நாட்டு ஆட்டத்தைப் போய்ப் பாருன்னு பாவ்லோவா சொன்ன பிறகுதான் அவங்க பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட போனாங்க, 1935ல மேடை ஏறினாங்க, 1936ல கலாக்ஷேத்ரா வந்துச்சு. நீ பரதத்துலேர்ந்து அந்தப் பக்கம் போற. ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து பழசுதான், அதனால நீ பாலே போறதுக்கு உன் டீச்சர் முகம் சுளிச்சா இதைச் சொல்லு.

மாந்தோப்பு_சலங்கை எழுதியது:

டீச்சர், என் டீச்சர்கிட்ட பாலே போறதையே இன்னும் சொல்லல. 😶

பிசியோ அண்ணா, தம்பி இடுப்பைப் பாத்துக்கிட்டான், நான் அளந்தேன். மூணு மூணு தடவை பண்ணி நடுவுல வந்ததை எழுதுறேன். தொடை வெளிய திரும்புறது இடது 40, வலது 32. உள்ள திரும்புறது இடது 62, வலது 65. சத்தம் வந்த இடத்துல இப்ப வலி இல்ல, காலைத் தூக்கும்போது எப்பவாச்சும் டொக்குனு ஒரு சத்தம் மட்டும், குத்தல் இல்ல, மாட்டிக்கல. கண்ணாடியில பக்கவாட்டுல பாத்தேன் டீச்சர், நீங்க சொன்னதுதான். பின்பக்கம் நல்லா வெளிய தள்ளி இருக்கு. பன்னெண்டு வருஷம் நல்ல அரைமண்டின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

32ன்னா ரொம்ப கம்மியா? அப்ப பாலே எனக்கு இல்லையா? நேரா சொல்லிடுங்க.

பாலக்கோடு_பாலே_பையன் எழுதியது:

நேரா சொல்றேன், விடாதீங்க. நான் பாலக்கோடு, ஐடி வேலையில பெங்களூர்ல இருக்கேன், 27 வயசுல பாலே ஆரம்பிச்சேன், இப்ப 33. எங்க சொந்தக்காரங்க யாருக்கும் தெரியாது, ஜிம்முக்குப் போறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. என் டர்ன்அவுட் ரெண்டு காலும் சேத்து ஒரு 100 டிகிரி இருக்கும். அதை வெச்சுத்தான் ஆடுறேன், யாரும் வெளிய போன்னு சொல்லல.

180ங்கிற அந்தப் படத்தை நாம எங்க பாக்குறோம்னு யோசிச்சுப் பாருங்க. ரஷ்யாவுல வாகனோவா அகாடமி மாதிரி இடத்துல சுமார் பத்து வயசுல பிள்ளைங்களை எடுக்கும்போதே இடுப்பு எவ்வளவு திறக்குது, பாதம் எப்படி வளையுதுன்னு உடம்பைப் பாத்துத்தான் எடுக்குறாங்க. அதாவது பயிற்சியால 180 வந்தவங்களை நாம பாக்கல, 180க்குக் கிட்ட வரக்கூடிய எலும்போட பிறந்தவங்களைப் பொறுக்கி எடுத்து பயிற்சி குடுத்ததைப் பாக்குறோம். அதைப் பாத்துட்டு நம்ம முட்டியைத் திருகிக்கிறது மாங்கா மரத்துல ஏறி தேங்கா தேடுற கதை. இந்த அஞ்சு பொசிஷனையும் வகுத்தது பதினேழாம் நூற்றாண்டுல பிரான்ஸ் அரசவையில இருந்த பியர் போஷாம்ன்னு சொல்லுவாங்க, பதினாலாம் லூயி 1661ல டான்ஸுக்குன்னு அகாடமி ஆரம்பிச்ச காலம். அப்ப வரைஞ்ச படங்கள்ல கால் இவ்வளவு விரிஞ்சு இருக்காது, 180ங்கிற பிடிவாதம் பின்னாடி வந்தது.

என் கிளாஸ்ல சுத்துற தட்டு ரெண்டு இருக்கு, மேல ஏறி நின்னா பாதத்துக்கு தரையோட பிடிமானமே இருக்காது, தொடைத் தசை எவ்வளவு திருப்புதோ அவ்வளவுதான் திரும்பும். முதல் தடவை ஏறினப்ப எனக்கு 70தான் வந்துச்சு, தரையில 130 நின்னுக்கிட்டு இருந்தவன் நான்! வீட்டுல அதே மாதிரி வேணும்னா வழவழன்னு இருக்குற தரையில ரெண்டு பாதத்துக்கும் அடியில துணி போட்டு ஜன்னல் கம்பியைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு பாதத்தை ஒட்டி நேரா நில்லுங்க, அங்கேர்ந்து தொடையை மட்டும் திருப்புங்க, எங்க போய் நிக்குதோ அதுதான் உங்க சொத்து. கம்பியைப் பிடிக்காம பண்ணிட்டு விழுந்தா எனக்கு எழுதாதீங்க.

ஓசூர்_பிசியோ எழுதியது:

கணக்கு பாப்போம். 40ம் 32ம் சேந்து 72, இது இடுப்போட பங்கு. முட்டிக்குக் கீழ கால் எலும்பே இயல்பா வெளிப்பக்கம் கொஞ்சம் முறுகித்தான் இருக்கும், பெரியவங்களுக்கு காலுக்கு 15, 20 டிகிரின்னு வெச்சுக்கோங்க, அது யாருக்கும் கெடுதல் இல்லாம சும்மா கிடைக்கிறது. ஆக மொத்தம் உங்களோட நேர்மையான டர்ன்அவுட் 105, 110 சுமார். நீங்க நின்னது 160. நடுவுல இருக்குற அம்பது டிகிரியை முட்டியும் பாத வளைவும்தான் வட்டியோட கட்டிக்கிட்டு இருக்கு.

உள்ள திரும்புறது 60க்கு மேல இருக்குறதைப் பாத்தா எலும்போட முறுக்கு உங்களுக்குக் கொஞ்சம் அதிகம்னுதான் தோணுது. இது நோய் இல்ல. ஆனா 19 வயசுல எலும்பு மாறாது, எவ்வளவு அமுக்கினாலும் மாறாது, அமுக்கினா நாரும் குழியோட விளிம்புல இருக்குற ஜவ்வும்தான் கிழியும். டொக்குனு வலி இல்லாம வர்ற சத்தம் பெரும்பாலும் முன்பக்கம் ஒரு தசைநார் எலும்பு மேல ஏறி இறங்குறது, பயப்பட வேண்டாம். அது வலியோட வர ஆரம்பிச்சா, இல்ல முட்டி வீங்கினாலோ மடக்க முடியாம மாட்டிக்கிட்டாலோ எலும்பு டாக்டரைப் பாருங்க, இங்க கேட்டுக்கிட்டு உக்காராதீங்க.

மாத்த முடியுறது வேற இருக்கு. உங்களுக்கு 32 வரை போகுதே, அது புவியீர்ப்பு இழுத்துப் போனது. இப்ப அதே மாதிரி படுத்து காலை விழவிடாம தசையால மட்டும் மெதுவா கொண்டுபோய் அங்க நிறுத்திப் பாருங்க. 20, 22லயே நின்னுடும்னு பந்தயம் கட்டுறேன். அந்த இடைவெளிதான் உங்களுக்கு லாபம், அதை மூணு மாசத்துல நிறைய அடைக்கலாம்.

தொடையை வெளிய திருப்புற வேலைக்கு பின்பக்கப் பெரிய தசைக்கு அடியில ஆழத்துல ஆறு சின்னத் தசை இருக்கு. நிறைய பேர் பின்பக்கத்தையே கல்லு மாதிரி இறுக்கிக்கிட்டு நிப்பாங்க, அப்ப பெரிய தசை இடுப்பைப் பூட்டிடும், காலைத் தூக்கவே முடியாது. உக்கார்ற எலும்பு தெரியுமா, பென்ச்ல உக்காந்தா குத்துமே, அதுக்கு மேல பக்கவாட்டுல விரலை வெச்சுக்கிட்டு தொடையைத் திருப்புங்க, மேல இருக்குற சதை தளர்வா இருக்கும்போதே உள்ள ஒண்ணு இறுகுறது தெரிஞ்சா அதுதான். முதல் வாரம் அதைக் கண்டுபிடிக்கிறது மட்டும்தான் உங்களுக்கு வீட்டுப்பாடம்.

அப்புறம் பக்கவாட்டுல படுத்து முட்டி ரெண்டையும் மடக்கி ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, பாதம் ஒட்டியே இருக்க மேல் முட்டியை மட்டும் சிப்பி திறக்குற மாதிரி திறக்கணும், இடுப்பு பின்னாடி சாயக் கூடாது. சாயாம பண்ணினா ஒரு சாண்தான் திறக்கும், அது போதும். பன்னெண்டு தடவை, மூணு சுத்து. அடுத்து குப்புறப் படுத்து முட்டியை விரிச்சு மடக்கி குதிகால் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு அழுத்தி அஞ்சு எண்ணுங்க, பத்து தடவை. வாரத்துல நாலு நாள் போதும். ரெண்டு வாரம் கழிச்சு நின்னுக்கிட்டு ஒத்தைக்கால்ல, திருப்பின தொடையை அப்படியே வெச்சு முப்பது வினாடி. ஒத்தைக்கால்ல நின்னாதான் எல்லா வண்டவாளமும் தண்டவாளம் ஏறும்.

ஸ்ட்ரெட்ச்சும் உண்டு, ஆனா தவளை இல்ல. ஒரு முட்டியைத் தரையில ஊன்றி இன்னொரு காலை முன்னாடி வெச்சு, முதுகை வளைக்காம வால் எலும்பை உள்ள சுருட்டினா ஊன்றின காலோட இடுப்பு முன்பக்கம் இழுக்கும். முப்பது வினாடி, காலுக்கு மூணு தடவை, கிளாஸ் முடிஞ்ச பிறகு. கிளாஸுக்கு முன்னாடி நிமிஷக்கணக்கா இழுத்து வெச்சா தசையோட பலம் கொஞ்ச நேரத்துக்குக் குறையும், அப்ப பிடிச்சு நிறுத்த வேண்டிய ஆளே தூங்கிடுறான். அதுலயும் நீங்க கிருஷ்ணகிரிலேர்ந்து ரெண்டு மணி நேரம் பஸ்ல மடங்கி உக்காந்து போறீங்க, இறங்கினதும் நேரா கிளாஸ்ல பிடிச்சுக்கிட்டு நிக்கிற கம்பிகிட்ட போய் நிக்காதீங்க. பஸ் ஸ்டாப்லேர்ந்து வேகமா நடங்க, கிளாஸ்ல காலை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டுங்க, உடம்பு சூடாகட்டும்.

நிக்கும்போது ரெண்டு காலையும் வலது காலோட அளவுக்கே வைங்க. இடது கால் அதிகம் போகுதுன்னு விட்டா இடுப்பு முறுகிடும். ஆறு வாரத்துக்கு அரைமண்டியையும் இதே கோணத்துல சுருக்கிக்கோங்க.

தர்மபுரி_தட்டுக்கழி எழுதியது:

சார், கடைசி வரியில மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அரைமண்டியைச் சுருக்கினா அவ டீச்சர் முதல் நாளே கேப்பாங்க, பன்னெண்டு வருஷமா வந்த உடம்புப் பழக்கமும் போயிடும். நீங்களே சொன்னீங்க, அரைமண்டில அந்த நார் தளர்ந்து இருக்கும்னு. அப்ப அங்க கொஞ்சம் கூட விரிஞ்சா என்ன தப்பு?

நான் சொல்றது, விரிப்பைக் குறைக்க வேண்டாம், ஆழத்தைக் குறைச்சுக்கோ. முதுகு நேரா நிக்கிற அளவுக்கு மட்டும் உக்காரு. மூணாம் காலம் (வேகமா ஆடுறது) வேண்டாம், முதல் காலத்துல (மெதுவா) மட்டும் ஆடு. முழுமண்டியும் (முழுசா கீழ உக்கார்றது) மண்டி அடவும் (முட்டியைத் தரையில ஊன்றி ஆடுறது) வலி போற வரைக்கும் தொடாதே.

ஓசூர்_பிசியோ எழுதியது:

நியாயம்தான் மேடம், நான் எல்லாத்துக்கும் ஒரே அளவு வெச்சுட்டேன். திருத்திக்கிறேன். அரைமண்டில மேல இருந்து குனிஞ்சு பாத்தா முட்டி ரெண்டாவது கால்விரலுக்கு நேரா இருக்கணும். அப்படி இருந்தா விரிப்பு எவ்வளவு இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. முட்டி கட்டைவிரல் பக்கம் உள்ள விழுந்தா பாதத்தைச் சுருக்கணும். மண்டி அடவு விஷயத்துல உங்க கட்சி.

கூத்துக்காரன்_பேரன் எழுதியது:

சம்பந்தம் இல்லாம நடுவுல வரேன், எங்க தாத்தா பென்னாகரம் பக்கம் கூத்துக் கட்டினவர். கால்ல சலங்கையோட ராத்திரி பூரா மண்ணுல ஆடுவாங்க, கிறுகிறுன்னு சுத்துவாங்க. அவர்கிட்ட கால் எவ்வளவு டிகிரி விரியணும்னு கேட்டிருந்தா காது கேக்காத மாதிரி இருந்திருப்பார். ஆனா ஒண்ணு சொல்லுவார், சுத்தும்போது முட்டி போற பக்கம் பாதம் போகணும், பாதம் போற பக்கம் முட்டியை இழுக்காதேன்னு. பிசியோ சார் எழுதினதைப் படிச்சதும் அது ஞாபகம் வந்துச்சு.

மாந்தோப்பு_சலங்கை எழுதியது:

ஏழு வாரம் கழிச்சு வரேன், பரீட்சை இருந்துச்சு, மா சீசன் வேற, வீடு பூரா கூடை, ஸ்ட்ரெட்ச் பண்ண தரையே இல்ல.

பிசியோ அண்ணா பந்தயத்துல ஜெயிச்சுட்டாரு, தசையால மட்டும் கொண்டுபோனா முதல்ல வலது 19தான் வந்துச்சு. இப்ப 28. விழவிட்டா அதே 32தான், அது மாறவே இல்ல. முதல் ரெண்டு வாரம் அந்த உள்தசையைக் கண்டுபிடிக்கவே முடியல, அப்புறம் ஒரு நாள் சிப்பி மாதிரி பண்ணிட்டு இருக்கும்போது பின்பக்கம் ஆழத்துல ஏதோ ஒண்ணு கொதிக்கிற மாதிரி பிடிச்சுது, அழுகை வந்துடுச்சு, சந்தோஷத்துலதான்.

பாலே கிளாஸ்ல போய் நானே 160 வேண்டாம்னு 100ல நின்னேன். மேடம் என்ன சொல்லுவாங்களோன்னு இருந்துச்சு, அவங்க பக்கத்துல வந்து பாத்துட்டு "ஃபைனலி"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாங்க. முட்டி வலி பஸ்ல வர்றது நின்னு மூணு வாரம் ஆகுது. ஆனா ஃபிஃப்த் பொசிஷன்ல (ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொண்ணை முழுசா ஒட்டி நிக்கிறது) இன்னும் கால் ரெண்டும் சண்டை போடுது, பின்கால் முட்டி மடங்கிக்குது. அதுக்கு ஏதாவது இருக்கா?

அப்புறம் டீச்சர், என் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். ருக்மிணி தேவி கதையும் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா, நீ முதல்ல பின்பக்கத்தை உள்ள தள்ளு"ன்னாங்க.

பாலக்கோடு_பாலே_பையன் எழுதியது:

ஃபிஃப்த்தை இப்ப விடுங்க, நூறு டிகிரிக்காரங்க நாம தேர்ட் பொசிஷன்ல நின்னா போதும், முன்கால் குதிகாலை பின்கால் பாதத்தோட நடுவுல ஒட்டுங்க. அதுல முட்டி ரெண்டும் நீளும். எனக்கு ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் நிறைய வரிசைகளை அப்படித்தான் பண்றேன்.

ராகிக்களி_ரசிகன் எழுதியது:

நானும் அந்தக் குப்புறப் படுக்குற டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். பட்டாம்பூச்சியில தரையில ஒட்டுற எனக்கு 30தான் வருது. 😐 அந்த சிப்பி எக்ஸர்சைஸ் எந்தப் பக்கம் படுத்து பண்ணணும்?

ஓசூர்_பிசியோ எழுதியது:

ரெண்டு பக்கமும் தம்பி. இடுப்பு சாயாம.